மேடையில் இரண்டாவது நாற்காலி

கொசப்பாளையம், ஆரணி
3 ஆகஸ்ட் 2024

டாக்டர் ஃப்ளோரன்ஸ் அம்மாவுக்கு,

உங்களோடு காது டெஸ்ட் எடுக்க வந்த லாவண்யா அக்காவின் கட்டைவிரலைத்தான் நான் முதலில் கவனித்தேன். மெஷினில் பட்டனை அழுத்துவதற்குச் சற்று முன்னால் அந்த விரலின் நகம் வெளுக்கும். வெளுத்ததும் நான் கையைத் தூக்கினேன். முப்பது தடவையாவது அப்படித் தூக்கியிருப்பேன். அவற்றில் எத்தனை தடவை ஹெட்போனில் எனக்குச் சத்தம் கேட்டது என்று நீங்கள் கேட்டால், இரண்டு அல்லது மூன்று என்பேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. என் பெயர் சுபலட்சுமி, வயது பதினேழு. பவர்லூம் ஓட்டுகிற தருமனுடைய மகள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறேன், தறியில் தீரப்போகிற பழைய பாவோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைக்கிறேன். போன வருஷம் பிப்ரவரியில் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் தறிக்காரர் குடும்பங்களுக்கு நீங்கள் காது டெஸ்ட் நடத்தினீர்கள் அல்லவா, அதில் நானும் ஒருத்தி.

என் அம்மா ஸ்வர்ணலதாவை நினைவிருக்கும். மரகதம்மாள் அறக்கட்டளை உங்கள் ஆய்வுக்குக் கொடுத்த பணத்தில் அவளுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லி எழுத வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக நினைத்திருக்கிறேன். அதை மாட்டிய முதல் நாள் கரன்ட் இல்லாமல் தறி நின்றிருந்தது. அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அம்மா சட்டென்று திரும்பி, "யோவ், இத்தினி வருசமா இப்பிடித்தான் என்னைத் திட்டிகினு இருந்தியா?" என்றாள்.

"உன்னியா? நூலைத் திட்டினேன்டி."

"நூலுக்கு இன்னாத்துக்கு என் பேரு?"

இருவர் வாயையும் பார்த்து நான் அன்று சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை. அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.

போன வாரம் அறக்கட்டளையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. செப்டம்பர் 21 அன்று சென்னையில் இந்த வருஷத்து மருத்துவ ஆய்வாளர்கள் நான்கு பேரைப் பாராட்டுகிறார்கள், அதில் நீங்களும் ஒருவர் என்று போட்டிருந்தது. ஒவ்வொரு ஆய்வாளருக்குப் பக்கத்திலும் இரண்டாவதாக ஒரு நாற்காலி போடுவது அவர்கள் வழக்கமாம். அந்த ஆய்வாளர் யாரிடமிருந்து கற்றுக்கொண்டாரோ, அவர் உட்காருவதற்காம். உங்கள் பக்கத்து நாற்காலிக்கு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். "தறிச் சத்தத்திலேயே வளர்ந்தும் காது முழு நலத்தோடு உள்ள பெண்" என்று.

எங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளி அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார். "பாத்தியா தருமா, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்கோ. புள்ளைங்க காதுக்கு ஒண்ணும் ஆவாது. தறிக்கு அடியில ரப்பரு கிப்பரு வெச்சிகினு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார். மறுநாள் எதிர் வீட்டில், தறிச் சத்தத்தைக் குறைக்க நீங்கள் வைக்கச் சொன்ன ரப்பர் கட்டைகளை எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக் கைக்குழந்தையைத் தறிக்குப் பக்கத்தில்தான் தூளியில் போடுகிறார்கள்.

இதைச் சொன்னால் உங்களுக்குக் கிடைக்கிற பாராட்டு போய்விடும் என்று புரிகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. என் காது கேட்காது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் போனை எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். தபாலில் என் பெயருக்கு வருவதை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

தலை குனிந்து,
த. சுபலட்சுமி

*

சென்னை
12 ஆகஸ்ட் 2024

சுபலட்சுமிக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. மூன்று நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். அதைப் படித்ததிலிருந்து நான் நல்ல மனநிலையில் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

டெஸ்ட் எடுக்கிறவரின் கையை உட்கார்ந்திருப்பவர் பார்க்கக் கூடாது. மருத்துவக் கல்லூரியில் முதல் வாரமே சொல்லித் தருவது இது. அந்த மண்டபத்து அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது, அதுவும் மூலையில். மெஷினை அங்கே வைத்தால் லாவண்யா உங்களுக்கு எதிரேதான் உட்கார முடிந்தது. கையை மறைக்க நடுவில் ஓர் அட்டையை நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அட்டை கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கூட்டம் அதிகம், மறந்துபோனேன்.

அது என் குற்றம். ஆனால் கேட்காமலேயே கையைத் தூக்கி எங்களை ஏமாற்றிவிட்டாயே என்ற வருத்தமும் இருக்கிறது. மூன்று வருஷ உழைப்பு இது. "இருபது வயதுக்குக் கீழே பாதிப்பு மிகக் குறைவு" என்று நான் எழுதிய வரியைப் பார்த்துத்தான் இந்தப் பாராட்டுக்கே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்படிச் செய்தது நீ ஒருத்திதானா? அப்படியென்றால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர். உன் ஒரு பெயரைத் திருத்திவிட்டு மேலே போய்விடலாம், ஆய்வின் முடிவு மாறாது. விழாவுக்கு நீ வர வேண்டாம். நாற்காலிக்கு வேறு பெயர் கொடுத்துவிடுகிறேன்.

உன் காதுக்குச் சிகிச்சை உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஃப்ளோரன்ஸ்

*

ஆரணி
25 ஆகஸ்ட் 2024

டாக்டர் அம்மாவுக்கு,

நாற்காலி இல்லை என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏமாற்றிவிட்டாய் என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் வலித்தது. ஏழாம் வகுப்பிலும் டீச்சர் அதையேதான் சொன்னார். "கவனிக்கிற மாதிரி மூஞ்சியை வெச்சிகினு ஏமாத்துறா." அவர் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று பாடம் நடத்துவார். முதுகில் வாய் இல்லையே அம்மா. எங்களைப் பார்த்து நின்ற டீச்சர்களின் பாடத்தில் எல்லாம் எனக்கு நல்ல மார்க்.

எங்கள் தறிக் கொட்டாயில் நான்கு தறி ஓடும்போது உள்ளே யாருக்கும் எதுவும் கேட்காது. நல்ல காது உள்ளவர்களுக்கும் கேட்காது. வாயைப் பார்த்துத்தான் பேச்சு. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. நாங்கள் நடக்கப் பழகியதிலிருந்து இப்படித்தான். அதனால் என் காது எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

லாவண்யா அக்கா, "கேட்டா கையைத் தூக்குமா" என்றார்கள். எங்கள் ஊரில் கேட்பது என்றால் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதுதான். முதல் ஐந்தாறு தடவை நான் உண்மையாகவே கேட்டுக் கையைத் தூக்குகிறேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் விரலைப் பார்த்துத் தூக்குகிறேன் என்று எனக்கே உறைத்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவிடு என்ற பெயரோடு அந்த அறையை விட்டு வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பாதி என் தப்புதான்.

நான் ஒருத்திதானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. அதனால் பார்த்தேன்.

பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு தார்க்குச்சியை என் இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். தரை அதிர்ந்தால் கால் வழியாகத் தெரிந்துவிடும், எனக்கு அப்படித்தான் தெரியும். அதனால் சொம்புக்கு அடியில் சாக்கை நான்காக மடித்து வைத்தேன். கரன்ட் போகிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொருவராக, அவர்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று போட்டேன். ஒருவர் திரும்புவதை இன்னொருவர் பார்த்துவிட்டால் அவரும் திரும்புவார். அதனால் தனியாக இருக்கும்போது மட்டும். பத்து நாளில் பதினான்கு பேர். எல்லோரும் உங்கள் டெஸ்டுக்கு வந்தவர்கள்.

ஒன்பது பேர் திரும்பினார்கள். புஷ்பலதா அக்கா திரும்பி, "இன்னாடி, சொம்பைத் தூக்கிகினு பின்னாடியே சுத்துற, கண்ணாலம் கூடிச்சா?" என்று கேட்டாள். ஐந்து பேர் திரும்பவில்லை. அதில் இருவர் வயதானவர்கள். அவர்களைச் சரியாகவே காது மந்தம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மீதி மூன்று பேர் என் வயதுக்காரர்கள். மூன்று பேரும் நீங்கள் கொடுத்த சீட்டைக் காட்டினார்கள். மூன்றிலும் "நலம்".

வேறு தாளில் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். சதீஷ் திரும்பினானா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகம், அவன் வேறு எதற்காகவோ திரும்பின மாதிரி இருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன்.

சுபலட்சுமி

*

சென்னை
1 செப்டம்பர் 2024

சுபா,

ஏமாற்றினாய் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் முதல் கடிதத்தில் ஒரு பிழை இருந்தால் அதை உன் ஒருத்தியின் பிழையாக வைத்துக்கொள்ளவே நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் அப்படி எழுதியது.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். பெரணமல்லூரில் என் அப்பா டேவிட்ராஜ் வாத்தியாராக இருந்தார். அவரும் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் பாடம் நடத்துவார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "எத்தினி பேரை மக்குன்னு அனுப்பினேனோ" என்றார். அவ்வளவுதான்.

உன் சொம்பைப் பற்றி லாவண்யாவிடம் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், கட்டைவிரலை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். பிறகு, "சாக்கு வெச்சாளா? மேடம், நமக்கு அது தோணலையே" என்றாள். உண்மைதான். எங்களிடம் அவ்வளவு விலை உயர்ந்த மெஷின் இருந்தது, நாங்கள் சாக்கு வைக்க மறந்துவிட்டோம்.

பதினான்கு பேரில் மூன்று பேர், உன்னோடு சேர்த்து நான்கு. இதை வைத்து மொத்தக் கணக்கைச் சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதிய அந்த வரியை நம்ப முடியாது என்று சொல்ல இது போதும்.

நேற்று அறக்கட்டளைச் செயலாளர் பிரபாகரன் சாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை மறந்ததையும் சொன்னேன். ஆய்வை வெளியிட்ட இதழுக்கும், அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். பிரபாகரன் சார் என் முன்னால் இருந்த அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அச்சடித்தாகிவிட்டது, என் படம் போட்டிருக்கிறார்கள். "அறங்காவலர்கள் கூடி முடிவு எடுக்கணும் டாக்டர்" என்றார். பாராட்டை நிறுத்துவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதைத் தாங்கிக்கொள்வேன். ஆய்வையே நிறுத்திவிட்டால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்பப் பார்க்க எனக்கு வழி இல்லை. எனக்கு இப்போது பயமெல்லாம் அதைப் பற்றித்தான்.

எதிர் வீட்டுக் குழந்தையைத் தறிப்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்ல முடியுமா? நான் சொன்னதாகச் சொல். நான் தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்.

மன்னிப்புக் கேட்டு,
ஃப்ளோரன்ஸ்

*

ஆரணி
8 செப்டம்பர் 2024

டாக்டர் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னதாக எதிர் வீட்டில் சொன்னேன். "நீ யாரு சொல்றதுக்கு? உனக்குத்தான் நல்லாக் கேக்குதே" என்றார்கள். அதற்கு மேல் மறைத்தால் குழந்தை தூளியிலேயே இருக்கும். அதனால் அவர்கள் எல்லோர் முன்னாலும், எனக்குக் கேட்காது, நான் உங்கள் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். குழந்தையின் அம்மா தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா தறியை நிறுத்தினார். பாவு பாதியில் இருக்கும்போது அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. என் எதிரில் வந்து நின்று, "இன்னாத்துக்கும்மா மறைச்ச?" என்றார்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"இப்போ இன்னா சிரிச்சிகினா இருக்கேன்?"

அம்மா நடுவில் வந்து, "அவளை இன்னாத்துக்குக் கேக்குற? இத்தினி வருசமா கூடவே இருந்தோமே, ஒருக்கா பின்னாடிலேந்து கூப்ட்டுப் பாத்தமா?" என்றாள். அப்புறம் தன் காது மெஷினைக் கழற்றி என் காதில் வைத்தாள். அது அவள் காதுக்கு என்று செய்தது, எனக்குப் பொருந்தவில்லை, கூவென்று ஏதோ அதிர்ந்தது.

அறக்கட்டளையில் என்ன சொன்னார்கள்? என்னால் உங்கள் ஆய்வு நின்றுபோனால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு நானே ஒரு கடிதம் எழுதட்டுமா? கெஞ்சி இல்லை. அம்மா அப்பாவைக் கேட்ட கேள்வியை எழுதுவேன்.

சுபலட்சுமி

*

சென்னை
14 செப்டம்பர் 2024

சுபா,

நீ கேட்பதற்கு முன்னாலேயே உன் முதல் இரண்டு கடிதங்களையும் பெயர்களை மறைத்து அறங்காவலர்களுக்குக் கொடுத்திருந்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தவறு. தாளில் அவ்வளவும் இருக்கும்போது என் வாயால் சொன்னால் போதாது என்று தோன்றிவிட்டது.

நேற்றுக் கூட்டம். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். காப்பி வந்தது, ஆறிப்போனது, இன்னொன்று வந்தது. ஒருவர், "தப்பான ஆய்வுக்கு மேடையா?" என்று சத்தமாகக் கேட்டது கதவு வழியாகக் கேட்டது. நியாயமான கேள்வி. பிறகு பிரபாகரன் சார் வெளியே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க சரியாச் சொல்லணும்னுதான் பணம் குடுத்தோம் டாக்டர். சரியாச் சொல்றதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்னா, அந்த வருஷத்தையும் குடுத்துடறோம்."

பதக்கம் எனக்கு இல்லை. மற்ற மூன்று பேருக்கு உண்டு. ஒருவர் ரத்தசோகை பற்றி, ஒருவர் பாம்புக்கடி மருந்து பற்றி, ஒருவர் குறைமாதக் குழந்தைகள் பற்றி. மூவரும் அருமையான வேலை செய்தவர்கள், அவர்களுக்குக் கை தட்ட நான் காத்திருக்கிறேன். எனக்கு ஒரு வருஷம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் மறுபடி பார்க்க ஆளும் மெஷினும் தருகிறார்கள். ஆனாலும் விழாவில் நான்காவது ஆளாக நான் மேடையில் இருக்க வேண்டுமாம், எங்கே தவறினேன் என்பதை ஒரு பக்கம் எழுதி வாசிக்க வேண்டுமாம். அந்தப் பக்கத்தை இதுவரை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அப்படியும், எப்போதும் இல்லாத அளவுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டாவது நாற்காலியில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. நான் மாற்றவில்லை. கீழே எழுதியிருந்த வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். இப்போது "ஆய்வின் பிழையைக் கண்டுபிடித்தவர்" என்று இருக்கிறது. வர மாட்டேன் என்றால் நாற்காலி காலியாகவே இருக்கும். வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன்.

உன் காது தறியால் போனதா, சின்ன வயதில் சீழ் வந்து போனதா, இரண்டும் சேர்ந்தா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத இப்போது கூச்சமாக இல்லை.

உன்
ஃப்ளோரன்ஸ்

*

ஆரணி
1 டிசம்பர் 2024

டாக்டர் அம்மாவுக்கு,

விழா முடிந்ததும் எழுத நினைத்தேன். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலைகள் இருந்ததால் இழை பிணைக்கிற வேலை ஓயவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டிய ஒரு விஷயம் நடந்தது. அதற்கு முன் விழாவைப் பற்றி.

மேடையில் நீங்கள் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேசுகிறவர்களின் பேச்சு தமிழில் எழுத்தாக ஓடும்படி பக்கத்தில் ஒரு திரை வைத்திருந்தார்கள். எனக்காகத்தான் வைத்தார்கள் என்று பிரபாகரன் சார் அப்பாவிடம் சொன்னாராம். டைப் செய்த அக்கா முன் வரிசையில் இருந்தார். நீங்கள் "அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன், மறந்துபோனேன்" என்று வாசித்தபோது அந்த அக்கா டைப் செய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார். பிறகு வேகவேகமாக அடித்தார். பாம்புக்கடி டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் போளூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி ஐயா, நீங்கள் முடித்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டினார். மண்டபம் முழுக்க எத்தனையோ கைகள் அசைந்தன. தரை அதிர்ந்தது. சாக்கு போட்டிருக்கவில்லை, அதனால் எனக்கும் கேட்டது.

அப்பா இன்னும் அந்த அழைப்பிதழை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார். முதலாளியிடமும் காட்டினார். "தப்புன்னு எழுதினதுக்கா மேடை போட்டாங்கோ?" என்றார் அவர். அப்பா, "ஆமாங்க. நீங்களும் ஒண்ணு எழுதுங்க, ரப்பர் கட்டை வேணாம்னு சொன்னது தப்புன்னு" என்றார். அப்பா முதலாளியிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. முதலாளி சிரித்தாரா கோபித்தாரா என்று தெரியவில்லை, ஜல்தியாகக் கிளம்பிவிட்டார். மறு வாரம் நான்கு வீட்டுக்கு ரப்பர் கட்டை வந்தது. யார் அனுப்பினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அறக்கட்டளையில் எனக்கு உதவியாளர் என்று ஓர் அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். என் படத்தோடு. பெயர்ப் பட்டியலைப் பார்த்து வீடு வீடாகப் போய் வரச் சொல்வதும், சுவரைப் பார்த்து ஏன் உட்கார வேண்டும் என்று வாயசைத்தே சொல்லிப் புரியவைப்பதும் என் வேலை. நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறை கேட்டு வாங்கியிருந்தீர்கள். ஏழாம் வகுப்பு அறை. நான் முன்பு உட்கார்ந்த மூன்றாவது பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்று முதல் நாள். நீங்கள் வர முடியாமல் போனதால் நடந்ததை எழுதுகிறேன். இந்தத் தடவை மெஷின் பேட்டரியில் ஓடுகிறது, பிளக் பாயிண்டைத் தேட வேண்டியதில்லை. லாவண்யா அக்கா பின்னால் உட்கார்ந்தாள். நடுவில் உயரமான அட்டை. அவளே வீட்டிலிருந்து மூன்று அட்டை கொண்டுவந்திருந்தாள், ஒன்று மறந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டுமாம். வெளியே வராந்தாவில் இருபது பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் என் விஷயம் தெரியும், இப்போது அவர்கள் பார்ப்பது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முதல் ஆளாக நான்தான் உட்கார வேண்டும் என்று நீங்கள் எழுதி அனுப்பியிருந்தீர்கள். உட்கார்ந்தேன். போர்டுப் பக்கம் முகம். ஹெட்போன் மாட்டினார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லையா, அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா என்று தெரியவில்லை. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தேன். போர்டுக்கு மேலே சுவரில் வட்டமான கடிகாரம். அதன் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, அட்டையின் மேல் விளிம்பு தெரிந்தது, அட்டைக்குப் பின்னால் லாவண்யா அக்காவின் வலது கை தெரிந்தது. சின்னதாக, தெளிவாக. கட்டைவிரல் நகம் வெளுத்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தேன். எழுந்து, நாற்காலியைப் போர்டுக்கு அடியில் இழுத்துப் போட்டு ஏறினேன். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியோடு திரும்ப வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.